அயர்லாந்து நாட்டுக் குடியானவர் விவாகம்

பிற நாட்டாருடைய விவாக முறைகளைக் குறித்து எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றையே பின்பற்றுகின்றனர். ஒரு சாரார் அவற்றை விநோதங்களாகத் திரட்டி, வாசிப்போர் நகைக்கும்படி அடுக்கி வைப்பர். மற்றொரு சாரார், பழைமை என்னும் ஒரே காரணம்பற்றி அவற்றைப் புகழ்ந்து, அந்நாள் கழிந்ததே என்று இரங்குவர். இவ்விரண்டும் ஆராய்ச்சி ஆகா. ஒரு விவாக சம்பிரதாயத்தை மதிப்பிட வேண்டுமாயின், அதனால் யாருக்கு யாது கிடைத்தது, அதன்பொருட்டு யார் யாது கொடுத்தனர் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே கேட்டல் வேண்டும் என்பது எமது கருத்து. அயர்லாந்து தேசத்துக் கிராமங்களில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெருவழக்காயிருந்த 'பேசி முடித்த விவாகம்' இக்கருத்தை விளக்குதற்குத் தகுந்த உதாரணமாகும்.

அயர்லாந்தைப்பற்றி நம்மவர் அறிந்தது பெரும்பாலும் அதன் அரசியற் போராட்டமும் அதன் கவிஞர் சிலருடைய பெயர்களுமே. ஆயினும் அந்நாடு நெடுங்காலமாகச் சிறு குடியானவர்களின் நாடு. அவர்களுக்கு நிலமே செல்வம், நிலமே மானம், நிலமே குடும்பத்தின் பெயர். ஆதலின் அவர்களுடைய விவாகத்தை அறிய விரும்புவோர் முதற்கண் அவர்களுடைய நிலத்தின் சரித்திரத்தை அறிதல் வேண்டும்.

1841-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி அயர்லாந்தின் ஜனத்தொகை 81 லட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. அக்காலத்தில் ஏழைகள் இளமையிலேயே மணம் புரிந்தனர். தந்தை தன் துண்டு நிலத்தை மக்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பான். ஒரு சிறு பாத்தியில் உருளைக்கிழங்கு பயிரிட்டு ஒரு குடும்பம் பிழைத்துவிடும். 1845-ல் அப்பயிரைக் கொடிய நோயொன்று பற்றியது. தொடர்ந்து வந்த பஞ்ச ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறிப் பிற தேசம் சென்றனர். 1851-ல் ஜனத்தொகை ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்தது; 1911-ல் 44 லட்சமும் நிரம்பவில்லை.

இப்பெருந்துன்பத்தினின்றும் அந்நாட்டுக் குடியானவர் கற்ற பாடம் ஒன்றே: நிலத்தைத் துண்டாக்கலாகாது. வசதியுள்ள உழவரிடையே முன்னரே இருந்துவந்த வழக்கம் இப்போது சிறு உழவரிடையேயும் பரவியது. புதல்வர் எத்துணைப் பேராயினும் ஒருவனே நிலத்துக்கு உரியவன். அவன் மூத்தவனாகவே இருக்கவேண்டும் என்னும் நியதியில்லை. தந்தை குறித்தவனே வாரிசு. புதல்வியருள்ளும் ஒருத்திக்கே, செல்வமுள்ள வீடாயின் இருவருக்கு, சீதனம் கொடுக்கக் கூடும். எஞ்சிய பிள்ளைகள் வேற்றிடம் சென்று பிழைக்க வேண்டியவர்களே. ஆகவே வாரிசின் விவாகமென்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேரும் மங்கல காரியமாக மாத்திரம் அமையவில்லை. நிலம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறும் நாளும் அதுவே. ஒரு வீட்டாரெல்லாம் தத்தம் வழியே பிரியும் நாளும் அதுவே.

இவ்வகை விவாகத்தை ஐரிஷ் பாஷையில் 'கிளௌனஸ்' என்பர். இதன் நடைமுறையை, 1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையிலிருந்து சென்று மேற்கே கிளேர் மாகாணத்துக் குடியானவரிடையே தங்கி ஆராய்ந்த ஆரென்ஸ்பெர்க், கிம்பால் என்னும் இரு பண்டிதர்கள் விரிவாகக் குறித்துள்ளனர். அவர்களுடைய நூல் 1940-ல் வெளிவந்தது. தன் மகனுக்குப் பெண் தேடும் குடியானவன் தானே நேரிற் செல்வதில்லை. பேச்சுவன்மையுள்ள ஒருவரைப் பெண்வீட்டுக்கு அனுப்புவான். வந்தவர் நேரே விஷயத்தைத் தொடார். மழையைப்பற்றிப் பேசுவார், மாட்டுச் சந்தையின் நிலவரத்தைப் பேசுவார். பின்னரே பெண்ணுக்கு எவ்வளவு சீதனம் என்று மெல்ல வினவுவார். பெண்ணின் தந்தையோ நிலம் எத்துணை ஏக்கர், அது எத்துணைப் பசுக்களுக்குப் புல் தரும், வீடு சாலைக்கு அண்மையிலுள்ளதா, நீர்வசதி உண்டா என்றெல்லாம் கேட்பான். பேச்சு ஒருவாறு படிந்தபின், சந்தை நாளில் ஊர் மதுக்கடையொன்றில் இரு திறத்தாரும் கூடிப் பேரம் பேசுவர்.

அதன்பின் 'நிலத்தை நடந்து பார்த்தல்' என்னும் சடங்கு நிகழும். பெண்ணின் தந்தை தன் உறவினரோடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்று, வயலையும் மேய்ச்சலையும், விறகுக்கு ஈடாகக் கரிமண் வெட்டியெடுக்கும் சதுப்பையும், தொழுவத்தையும் நேரிற் கண்டு வருவான். அந்நாளுக்கென்று அயலாரிடம் பசுக்களை இரவல் வாங்கித் தம் தொழுவத்திற் கட்டி வைத்த வீடுகளைப்பற்றி அந்நாட்டார் சொல்லும் கதைகள் பல. இக்கதைகள் நகைப்புக்கு இடந்தருவனவே. ஆயினும், பார்க்கச் சென்றது பசுக்களை. பார்க்கப்படாதது மணமகனுடைய குணம் என்பதையும் அந்நகைப்பினூடே கருதல் வேண்டும்.

சீதனத்தை அந்நாட்டார் ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'பார்ச்சூன்', அதாவது பாக்கியம் என்பது. அது நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் நின்றது. அப்பணம் மணமகளின் கையிலும் தங்குவதில்லை. மணமகனின் கையிலும் தங்குவதில்லை. அது மாமனாரிடம் சேரும். அவர் அதனைக்கொண்டு தம் மகளொருத்திக்குச் சீதனம் கொடுப்பார், அல்லது மற்றொரு மகனுக்குக் கப்பற்செலவு கொடுப்பார். இவ்வாறு ஒரு வீட்டுச் சீதனம் மற்றொரு வீட்டுக்கும், அங்கிருந்து வேறொரு வீட்டுக்கும் சென்றுகொண்டே யிருக்கும். பெண்ணொருத்தியின் பெயரால் எழுந்த பணம், எந்தப் பெண்ணின் கையிலும் நில்லாமல் ஊரெல்லாம் சுற்றி வந்தது என்று கூறின் அது மிகையன்று.

பேரம் முடிந்தபின் வக்கீலிடம் சென்று உடன்படிக்கைப் பத்திரம் எழுதுவர். நிலத்தை மகனுக்கு ஒப்புவிக்கும் முதியோர், தமக்கு வேண்டியவற்றை அதில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வர். வீட்டின் மேற்கு அறை அவர்களுக்கு உரியது; ஒரு பசுவுக்கு வேண்டிய புல், இத்தனை உருளைக்கிழங்கு, இவ்வளவு கரிமண், ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் செல்ல வண்டியில் இடம் என்று அப்பட்டியல் நீளும். பெற்ற மகனிடத்தும் எழுத்தில்லாமல் எதனையும் நம்பலாகாது என்பது அவர்களது அநுபவம். இதனைக் கல்மனம் என்று சிலர் கூறுவர். முதுமையில் ஒருவேளை உணவுக்காக மகனையும் மருமகளையும் கெஞ்சி நிற்பதினும் பத்திரத்தில் எழுதி வைப்பது மேலானது என்றே யாம் கருதுகிறோம்.

இனி, விவாகத்துக்குரிய பருவத்தைக் கூறுவோம். கத்தோலிக்க சபையில் லெந்து என்னும் தபசு காலத்தில் விவாகம் நடத்துவதில்லை. ஆதலின் கிறிஸ்து பிறப்புத் திருநாள் முடிந்தது முதல், சாம்பற் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை வரையில் உள்ள சில வாரங்களே கிராமங்களிற் கல்யாண காலமாயின. அச்செவ்வாய்க்கிழமை தப்பிற்றேல் நெடுநாள் காத்திருக்கவேண்டும் என்பது ஊரார் எண்ணம். தப்பியவர்களை ஊர் எளிதில் விட்டுவிடவுமில்லை. தெற்கே மன்ஸ்டர் பிரதேசத்தில், லெந்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் 'சுண்ணக்கட்டி ஞாயிறு' என்பர். மணமாகாதார் தேவாலயத்துக்குச் செல்லும்போது சிறுவர் பின்னே சென்று அவர்களுடைய மேலாடையிற் சுண்ணக்கட்டியாற் கோடு கிழித்து ஓடுவர். கெர்ரி மாகாணத்துக்கு மேற்கே கடலில் ஸ்கெல்லிக் என்னும் பாறைத் தீவு ஒன்று உண்டு. பண்டைத் துறவிகள் வாழ்ந்த இடம். அங்கே பழைய பஞ்சாங்கமே வழங்குவதால் லெந்து பிந்தித் தொடங்கும் என்பது மக்களின் நம்பிக்கை. ஆகவே காலந்தப்பிய ஆடவரையும் மகளிரையும் மனம்போனபடி ஜோடி சேர்த்து, 'இவர்கள் ஸ்கெல்லிக் தீவுக்கு மணம் புரியச் செல்கின்றனர்' என்று பரிகாசச் செய்யுட்கள் பாடிப் பரப்புவர். கெர்ரியிலும் கார்க்கிலும் 19-ஆம் நூற்றாண்டில் இவற்றை அச்சிட்டும் வழங்கினர்.

மண நாளின் சடங்குகள் மனத்துக்கு இனியன. புதுமணப்பெண் கணவன் வீட்டு வாயிலை அடையும்போது அவளுடைய தலைக்குமேல் ஓட்ஸ் மாவினாற் செய்த அப்பத்தை உடைப்பது பல ஊர்களில் வழக்கம். அந்த வீட்டில் அவளுக்கு உணவு குறைவுபடலாகாது என்பதே அதன் பொருள். இரவு நடனம் நிகழ்கையில் வைக்கோலாற் செய்த உயர்ந்த முகமூடி அணிந்த வாலிபர் கூட்டமொன்று அழையாமலே வந்து சேரும். இவர்களை 'வைக்கோற் பையன்கள்' என்பர். அவர்களுடைய தலைவன் மணப்பெண்ணோடு ஒரு முறை நடனமாடுவான். அவர்களுக்குப் பானம் அளித்து உபசரிப்பர். அவர்கள் வாழ்த்திச் செல்வர். அழையாத அயலானையும் மகிழ்ச்சியிற் பங்குபெறச் செய்யும் இவ்வழக்கத்தில் ஒரு பெருந்தன்மை உண்டு.

இதுகாறும் கூறியவற்றால் இச்சம்பிரதாயத்தின் நன்மைகள் ஒருவாறு விளங்கும். பஞ்சத்தினாற் சிதறிய ஒரு ஜாதியார் மீண்டும் சிதறாதிருக்க இது துணைசெய்தது. முதியோர் தெருவில் நில்லாதபடி காத்தது. மணமகள் பிறர் தயவில் நுழைபவளாக அன்றி, வீட்டுக்கு உரியவளாக, தன் பங்கைக் கொண்டுவந்தவளாகத் தலைநிமிர்ந்து நுழைந்தாள். இரு குடும்பங்கள் ஒருவரையொருவர் ஆராய்ந்து சேர்ந்தமையின், பின்னர்த் துன்பம் வந்தவிடத்து இரு திறத்தாரும் உதவிக்கு வந்தனர். இவற்றை மறுப்பது நீதியன்று.

நிற்க. நாம் முதலிற் கேட்ட இரண்டாம் வினாவுக்கு இனி விடை கூறுவோம். இந்நன்மைகளின் விலையை யார் கொடுத்தனர்? மதுக்கடையின் மேசையைச் சுற்றி அமர்ந்தவர் இரு தந்தையரும், தரகரும், உறவினரான ஆடவர் சிலருமே. விலை கொடுத்தவர்களோ அம்மேசையில் அமராதவர்கள்.

அவர்களுள் முதல்வன் வாரிசாகிய மகனே. தந்தை நிலத்தை ஒப்புவிக்கும் வரையில் அவனுக்கு மணமில்லை. மணமில்லாதவரையில் அவனுக்கு ஊரில் மதிப்புமில்லை. நாற்பத்தைந்து வயதானவனும், தந்தை நிலத்தைக் கையில் வைத்திருக்கும் வரை 'பையன்' என்றே அழைக்கப்பட்டான் என்று ஆரென்ஸ்பெர்க் குறிக்கின்றார். அவன் உழுவான், அறுப்பான், மாடு மேய்ப்பான். ஆயின் சந்தையிற் பணம் எண்ணுபவர் தந்தையே. தந்தைக்கோ அதிகாரத்தை விட மனமில்லை. தாய்க்கு அடுப்பங்கரையை மருமகளிடம் விட மனமில்லை. இதனாற் பருவம் தவறிய பின்னரே பலருக்கு மணம் வாய்த்தது.

இரண்டாமவர் மணமே வாய்க்காதவர். 1841-ல், 45 முதல் 54 வயதுவரையுள்ள அயர்லாந்து மக்களுள் மணமாகாதார் பத்தில் ஒருவர் அளவினரே. 1911-ல் அவ்வயதினருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மணமாகாதவர். துறவு பூண்டவர் இவர்களுட் சிலரே. பெரும்பாலார் அண்ணன் வீட்டில் கூலியின்றி உழைத்த தம்பியரும், சீதனத்துக்கு வழியின்றி வீட்டிலேயே நரைத்த தங்கையரும் ஆவர். சுண்ணக்கட்டி ஞாயிற்றிற் சிறுவர் கோடு கிழித்தது இவர்களுடைய முதுகிலேதான். தம் குற்றமில்லாத ஒன்றுக்காக ஊர் நடுவே நகைக்கப்பட்டவர் இவர்கள். இதனை எண்ணும்போது முன்பு இனிமையாகத் தோன்றிய அவ்விளையாட்டின் சுவை சிறிது மாறுகின்றதன்றோ?

மூன்றாமவர் கடல் கடந்தவர். ஐரோப்பாவின் பிற தேசங்களிலிருந்து அமெரிக்கா சென்றவருள் ஆடவரே மிகுதி. மகளிர் பெரும்பாலும் கணவனோடோ தந்தையோடோ சென்றனர். அயர்லாந்திலிருந்தோ ஆடவருக்கு ஏறக்குறைய ஒப்பான தொகையினராகக் கன்னிப்பெண்கள் தனியே சென்றனர். நியூயார்க், பாஸ்டன் முதலிய பட்டணங்களிற் செல்வர் வீடுகளில் வேலைசெய்து, சிறுகச் சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்பினர். அப்பணம் தங்கைக்குக் கப்பற்சீட்டாயிற்று. சிலவிடத்து அக்காளின் சீதனமாகவும் ஆயிற்று. வீட்டில் தனக்கு இடமில்லை என்று அனுப்பப்பட்டவள், அவ்வீட்டின் மானத்தைத் தன் உழைப்பாற் காத்தாள். எனினும் எந்த விவாகப் பத்திரத்திலும் அவளுக்கென்று ஒரு வரி எழுதப்பட்டதில்லை.

நான்காமவள் மணமகளே. அவளது உள்ளத்தை அறிதற்கு நமக்குக் கிடைத்துள்ள சான்றுகள் சிலவே. அவற்றுள் ஒன்று பெக் சேயர்ஸ் என்னும் மூதாட்டி ஐரிஷ் பாஷையில் வாய்மொழியாகச் சொல்ல, மகன் எழுதி 1936-ல் வெளிவந்த சுயசரிதம். இளமையில் வீட்டு வேலைக்காரியாக இருந்த அவள் அமெரிக்கா செல்ல விரும்பினாள். முன்னரே சென்ற தோழி கப்பற்செலவு அனுப்புவதாக வாக்களித்திருந்தாள். அத்தோழிக்கு நேர்ந்த விபத்தால் பணம் வரவில்லை. பின்னர் ஓரிரவு மூன்று ஆடவர் அவளது தந்தையின் வீட்டுக்கு வந்து பேரம் பேசினர். அம்மூவருள் தன்னை மணக்க வந்தவர் யாவர் என்பதையே அவள் அறியாள். 1892-ல் மணமாகி, பெரிய பிளாஸ்கெட் என்னும் தீவில் வாழப் புகுந்தாள். கணவனை அவள் அன்போடும் மதிப்போடுமே நினைவுகூர்கின்றாள். இதனைக்கொண்டு 'பேசி முடித்த விவாகமும் இன்பம் பயக்கும்' என்பாருளர். உண்மையே. ஆயினும் அவ்வின்பம் அவளுக்கு அதிர்ஷ்டத்தால் வாய்த்தது, அம்முறையினால் வாய்த்ததன்று. மூவருள் எவர் என்று அறியாமல் தலையசைத்தவளுக்கு நல்லவன் கிடைத்ததுபோலவே தீயவனும் கிடைத்திருக்கக் கூடுமன்றோ?

ஆடவர்க்கும் இந்நிலைமை இல்லாமலில்லை. அத்தீவினரே ஆகிய தோமாஸ் ஓ குரோகன், 1929-ல் வெளிவந்த தமது சரித்திரத்தில், இனிஷ்விக்கிலேன் என்னும் அண்டைத் தீவுப் பெண்ணொருத்தியிடம் தாம் கொண்ட அன்பைக் குறிப்பிடுகின்றார். ஆனால் அவருடைய தமக்கை வந்து, துன்பம் நேர்ந்தவிடத்துத் தொலைவிலுள்ள சம்பந்திகள் எவ்வாறு உதவுவர் என்று பெற்றோரிடம் வாதித்து, ஊரிலேயே வேறொரு பெண்ணைப் பேசி முடித்தாள். 1878-ல் மணம் நடந்தது. அலைமோதும் தீவில் வாழ்வோர்க்குத் தமக்கை கூறிய நியாயம் வலிமையுடையது என்பதை யாவரும் ஒப்புவர். அதனாலேயே இவ்வுதாரணம் கருதத்தக்கது. இச்சம்பிரதாயம் கொடியோரின் சூழ்ச்சியன்று. அறிவுள்ளோர், அன்புள்ளோர், தக்க காரணம்பற்றியே அதனை நடத்தினர். எனினும் யாருடைய வாழ்க்கையைப்பற்றிப் பேச்சு நிகழ்ந்ததோ அவர்களுடைய சொல்லே அங்குக் கடைசியில் வைக்கப்பட்டது.

மணமகளின் பொருள்நிலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அவள் கொண்டுவந்த பணம் மாமனாரிடம் சென்றது. அவள் பால் கறந்தாள், வெண்ணெய் எடுத்தாள், கோழி வளர்த்தாள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். குழந்தை பிறவாவிடின் பழியையும் அவளே சுமந்தாள். நிலமோ கணவன் பெயரில் இருந்தது. 1965-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் வரும் வரையில், அயர்லாந்துக் குடியரசில் ஒருவன் தன் சொத்து முழுவதையும் மனைவிக்கு ஒரு காசும் இன்றி மரணசாசனத்தால் வேறொருவருக்கு எழுதி வைக்க இயலும். அச்சட்டமே, பிள்ளைகள் உள்ளவிடத்து மூன்றில் ஒரு பங்கும், இல்லாவிடத்துப் பாதியும் கைம்பெண்ணுக்கு மறுக்கவொண்ணாத உரிமை என்று விதித்தது. மாமனாரின் பசுவுக்குரிய புல்லைக்கூட எழுத்தில் வரைந்து காத்த ஒரு சமூகம், மருமகளின் ஆயுட்கால உழைப்பைக் காக்க அதுவரையில் ஒரு பொதுவிதி செய்யவில்லை. இம்முறைமையைக் குறித்து யாம் கூறும் குறைகளுள் தலையாயது இதுவே.

அந்நாட்டுப் புலவர்களும் இதனை உணராமலில்லை. பாட்ரிக் கவனா என்னும் கவிஞர், தாமே சிறு குடியானவர் குடும்பத்திற் பிறந்தவர், 1942-ல் வெளியிட்ட 'பெரும்பசி' என்னும் நெடும்பாட்டில், தாய்க்கும் நிலத்துக்கும் கட்டுண்டு மணமின்றி முதுமை எய்திய ஓர் உழவனைப் பாடினார். பஞ்சத்தைக் குறிக்க வழங்கிய அதே பெயரை அவனுடைய உள்ளத்தின் வெறுமைக்கு இட்டது அவர்தம் நுட்பம். 1959-ல் ஜான் கீன் இயற்றிய 'ஸைவ்' என்னும் நாடகம், பணத்தாசை கொண்ட உறவினரும் தரகரும் சேர்ந்து இளம்பெண்ணொருத்தியை வயது முதிர்ந்த உழவனுக்கு மணம்பேச, அவள் உயிரிழப்பதைக் காட்டுகிறது. அந்நாடகத்தைக் கிராமத்தாரே திரள்திரளாகச் சென்று கண்டனர். தம் வீட்டுக் கதையை மேடையிற் காண அவர்கள் அஞ்சவில்லை என்பது அந்நாட்டாருக்குப் பெருமை தருவதே.

இனி, எமக்கு மாறாகச் சொல்லக்கூடிய நியாயங்கள் இரண்டு. முதலாவது: 'நிலம் துண்டுபடின் பஞ்சம் மீளும், ஆதலின் இம்முறை இன்றியமையாதது' என்பது. நிலத்தை முழுமையாய்க் காத்தல் அவசியம் என்பதை யாமும் ஒப்புகிறோம். ஆயின் நிலத்தைக் காப்பதற்கு, மகன் நாற்பது வயதிலும் பையனாய் இருத்தல் வேண்டுமா? பெண் தன் சம்மதத்தைக் கேட்கப்படாமல் இருத்தல் வேண்டுமா? கைம்பெண் உரிமையற்று நிற்றல் வேண்டுமா? ஒரு வழக்கத்தின் காரணத்தை விளக்குவது வேறு. அதன் ஒவ்வோர் உறுப்பையும் நியாயப்படுத்துவது வேறு. 1965-க்குப் பின்னரும் அயர்லாந்தின் குடும்பப் பண்ணைகள் பண்ணைகளாகவே நிலைபெற்றுள்ளன; கைம்பெண் பங்கு பெற்றமையால் நாடு பஞ்சத்தில் வீழவில்லை.

இரண்டாவது: 'காதல் மணம் புரிந்தோர் எல்லாரும் சுகமாக வாழ்கின்றனரோ?' என்பது. இல்லையென்பது வெளிப்படை. மணமுறிவைத் தடைசெய்த தம் அரசியற் சட்டத்தை அந்நாட்டார் 1995-ல் வாக்கெடுப்பால் மாற்றி, 1996-ல் அதற்கான சட்டம் இயற்ற நேர்ந்ததே, விருப்பத்தால் அமைந்த மணங்களும் முறிவதுண்டு என்பதற்குச் சான்று. ஆனால் எம் வாதம் காதல் மணம் சுகம் தரும் என்பதன்று. தன் வாழ்க்கையைத் தானே தெரிந்து தவறியவனுக்கு, அத்தவற்றைத் தானே சீர்தூக்கித் திருத்தும் தகுதியும் உண்டு. பிறர் தெரிந்தளித்த வாழ்க்கையிற் சிக்கியவனுக்கு அதுவும் இல்லை. சுகத்தை எந்த முறையும் உறுதி செய்யாது. கண்ணியத்தை ஒரு முறை உறுதி செய்யக்கூடும்.

இவை யெல்லாவற்றினும் மேலாக, இச்சம்பிரதாயம் தன் சொந்த நோக்கத்திலேயே தோற்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடும்பத்தின் பெயரை நிலத்தில் நிலைநிறுத்துவதே அதன் நோக்கம். தந்தை ஒப்புவிக்கத் தாமதித்தமையால் மகன் மணமின்றி மூத்தான்; கடைசியில் நிலம் கைக்கு வந்தபோது, மாமியாரின் அதிகாரத்தின்கீழ்ச் சேற்றுவழி வீட்டிற் புகுவதற்குப் பெண்கள் இல்லை. அவர்கள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் போய்விட்டிருந்தனர். விவாகக் குறைவையும் குடியேற்றத்தையும் ஆராய 1948-ல் அரசாங்கமே ஒரு விசாரணைச் சபையை நியமிக்க நேர்ந்தது. 1961-ல் குடியரசின் ஜனத்தொகை 28 லட்சம் என்னும் கடையளவுக்குத் தாழ்ந்தது. பெக் சேயர்ஸின் பிள்ளைகளும் பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர்; அவள் வாழ்ந்த தீவிலிருந்து எஞ்சிய குடிகளை 1953-ல் அரசாங்கம் வெளியேற்றிக் கரையிற் குடியேற்றியது. நிலத்துக்காக மக்களைத் துறந்த வீடுகள் இறுதியில் மக்களையும் இழந்தன. நிலத்தையும் அயலாருக்கு விட்டன.

இம்முறை எவருடைய சொற்பொழிவாலும் ஒழியவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பெண்கள் வேறிடத்திற் சம்பாதிக்கத் தொடங்கினர். மேசையில் இடம் கொடாதவர்களுக்கு, மேசையை விட்டு எழுந்து செல்வதே விடையாயிற்று. பின்னரே சட்டமும் மனமும் மாறின. இன்று கிளேர் மாகாணத்து லிஸ்டூன்வர்ணா என்னும் ஊரில், முன்னாளில் அறுவடை முடிந்த உழவர் மருத்துவ ஊற்றுநீர் அருந்த வந்து சம்பந்தம் பேசிய இடத்தில், செப்டம்பர் மாதந்தோறும் தரகர் திருவிழா நடைபெறுகின்றது. பாட்டும் நடனமும் உண்டு, பசுக்களை எண்ணுவாரில்லை. வருகிறவர்கள் தம் விருப்பத்தால் வருகின்றனர். விருப்பமில்லையேல் திரும்பிச் செல்கின்றனர். அவ்வொரு வேற்றுமையே அதனை விளையாட்டாக்கியது.

மாணவர்காள், இத்தொலைதேசத்துச் செய்தியால் நமக்கு ஆவதென்ன என்று வினவலாம். 1937 முதல் 1939 வரையில் அயர்லாந்து அரசாங்கம் ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளிற் பயின்ற சிறுவர் சிறுமியரைக்கொண்டு, முதியோரிடம் பழைய வழக்கங்களைக் கேட்டு எழுதுவித்தது. 50,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்பணியிற் கலந்தனர். அவ்வேடுகள் இன்றும் டப்ளின் நகரில் காக்கப்படுகின்றன. விவாக வழக்கங்களும் அவற்றுள் அடங்கும். அது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் அப்பிள்ளைகள் கேட்டெழுதியது ஊரில் எஞ்சியிருந்தோர் சொன்னதையே. கப்பலேறிச் சென்ற அத்தையும் சித்தியும் என்ன சொல்லியிருப்பர் என்பதை எந்தப் பாடசாலைச் சிறுவனும் கேட்டெழுத இயலவில்லை.

ஆகவே எந்நாட்டு வழக்கத்தையும் ஆராய்வோர், சம்பிரதாயத்தை நடத்தியவரிடம் கேட்டதோடு அமையாமல், அதன்பொருட்டு வெளியேறியவரையும், மௌனமாயிருந்தவரையும் தேடிக் கேட்டல் வேண்டும். யாருடைய சம்மதம் கேட்கப்பட்டது? பணம் யார் கையில் நின்றது? யாருக்கு வீட்டில் இடமில்லாமற் போயிற்று? இம்மூன்று வினாக்களுக்கும் கூச்சமின்றி விடை கூறவல்ல வழக்கமே நிலைபெறத் தகுந்தது. சீதனம் என்னும் சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டாத நம்மவருக்கு இவ்வினாக்களை எங்கே தொடங்குவது என்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.